பொழங்கற இடத்துக்கு ஒரு காப்பு

1

ஊரில் நீங்கள் எல்லாரும் வேப்பிலைக்கும் ஆவாரம்பூவுக்கும் பேரம் பேசியிருப்பீர்கள். அந்தப் போகி சாயந்திரம் நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய மில் ஊரில், பள்ளிக்கூட ஹால் ஒன்றில், கோட்டைக்கூடக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் நந்தினி. பன்னிரண்டு வயது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அம்மா, நீ எந்திரிச்சு எதுவும் பேசக் கூடாது. ப்ளீஸ்."

"நான் எதுக்கு அம்மணி பேசறேன்? வேடிக்கை பாக்கத்தான் வாரேன்."

அவள் பயம் நியாயம்தான். தபால் ஆபீஸில் ஸ்டாம்பு வாங்கிவிட்டு "தேங்க்யூங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவள் நான். பஸ் டிரைவரைப் பார்த்து "ஸ்டாப்புங்க" என்று கூவியிருக்கிறேன். உடம்பு விமானத்தில் வந்து சேர்ந்துவிட்டது, வாய் மட்டும் இன்னும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. இப்படி ஏதாவது நடந்தால் நந்தினி எனக்குப் பத்தடி பின்னால் யாரோ போல நடந்து வருவாள். வீதியில் அவளைத் தமிழில் கூப்பிடக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். அவள் தோழிகள் அவளை நான்சி ஆக்கிவிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றிலும் இடுப்புயரத்துக்கு இரும்பு வேலி, ஒரு துருப்பிடித்த கேட், ரெண்டு பெஞ்சு. ஜனவரி தொடக்கத்தில் அந்தக் கேட்டில் கவுன்சில் ஒரு அறிவிப்பைக் கட்டித் தொங்கவிட்டது. பெரும்பகுதிப் புல்லை எடுத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் மரச்சாமான் கடைக்குக் கார் நிறுத்த இடமாக விடப்போகிறார்களாம். குடியிருப்பவர்கள் கேள்வி கேட்கலாம், இந்த ஹாலுக்கு வரலாம் என்று போட்டிருந்தது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நந்தினி பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே இல்லை. மாதக்கணக்கில் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம்தான். ஒருநாள் அந்தப் புல்வெளி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பக்கம் ஒரு பந்து உருண்டு வந்தது. உதைத்தாள். அன்றைக்குத்தான் இந்த நாட்டில் என் பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டேன். அன்று முதல் பள்ளி விட்டதும் பை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். அந்தப் புல் போய்விட்டால் இவள் மறுபடியும் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவாளோ என்பதுதான் எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் போனேன், வேடிக்கை பார்க்க இல்லை.

2

அன்று முழுக்க மனசு இன்னொரு இடத்திலும் கிடந்தது. கோயமுத்தூரின் ஓரத்தில், எங்கள் பழைய காலனியில், சரசக்காவிடம். எந்த நகராட்சி என்று சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள், நல்லவர்களும்கூட.

சரசக்கா எங்கள் எதிர்வீடு. அவர் வீட்டுக்காரர் பழனியப்பன் அண்ணன் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். வெட்டிய கிணற்றுக்கெல்லாம் அவர் பம்பு ஓடும் என்று பேர் வாங்கியவர், ஒருநாள் பட்டறையிலேயே விழுந்தார். வலது பக்கம் வரவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். தினமும், விடாமல், பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கே நடப்பது? ரோட்டில் மண் லாரியும் டவுன் பஸ்ஸும் நம் முழங்கையை உரசிக்கொண்டு போகும். காலனிக்குள் இருந்தது ஒரே ஒரு ரிசர்வ் சைட். மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று விட்ட இடம். பூங்கா என்று பேர்தான், ஒரு புங்க மரமும் எல்லைக்கு நட்ட கல்லுக்கால்களும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அண்ணன் ஒரு கல்லுக்காலைப் பிடித்து நிற்பார். மூச்சு வாங்குவார். அடுத்த கல்லைப் பார்ப்பார். பிறகு காலை இழுத்து இழுத்து அது வரைக்கும் போவார். சரசக்கா இரண்டடி தள்ளிக் கூடவே போவார், தொட மாட்டார். "தொட்டா அவருக்குக் கோவம் வந்துருமுங்க" என்பார்.

பழனியப்பன் அண்ணன் போன ஐப்பசியில் தவறிப்போனார். விழுந்த மனுஷன் அதற்குப் பிறகும் நடந்த நடை எல்லாம் அந்த இடத்தில்தான். அவர் போனபின் வரும் முதல் தைப்பொங்கல் நோம்பி இது. அதனால்தான் காலையிலிருந்து சரசக்கா நினைப்பு.

3

ஹாலுக்கு வருகிறேன். முன்னால் ஒரு மேஜை. அதன் பின்னால் கவுன்சிலின் பூங்கா அதிகாரி. ஒல்லி, குளிரில் காது இரண்டும் சிவந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் அம்மாள் கையைக் காட்டினால் ஒருவர் எழுந்து, தன் பெயரும் வீதியும் சொல்லி, கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை. கோபம் இல்லாமல் இல்லை. என் பக்கத்து வீட்டு டோரத்திக்கு எழுபது வயது இருக்கும், கழுத்து நரம்பு புடைக்கக் கேட்டார்.

"போன கோடையில் புல்லை ஏன் முழங்கால் அளவு வளரவிட்டீர்கள்? வளரவிட்டுவிட்டு, யாரும் வருவதில்லை என்று இப்போது சொல்கிறீர்களா?"

ஆகா என்று எனக்குக் கைதட்டத் தோன்றியது. நந்தினி என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி சொன்ன பதில்தான் என்னை அசத்திவிட்டது. "அது எங்கள் தவறு. வெட்டுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நாங்கள் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அடுத்து ஒருவர் குப்பைத் தொட்டியை ஏன் எடுத்தீர்கள் என்றார். "எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நாலு பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. நம் ஊர் ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு நடந்த காலங்களில், தெரியாது என்பதைத் தவிர மற்ற எல்லாப் பதிலும் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் காருக்கு ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார். "எங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். குளிர்காலத்தில் இந்த இடத்தை யாரும் பயன்படுத்துவதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், நம் ஊர் வெயிலில் நின்றுகொண்டு.

4

உள்ளாட்சித் தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் வந்த புதிது. எங்கள் ரிசர்வ் சைட்டில் கடைகள் கட்டி ஏலம் விடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. காலனியே கொதித்துவிட்டது. வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று கூப்பிட்டோம். கவுன்சிலரும் நகராட்சி இன்ஜினியரும் ஒரு மத்தியான வேளையில் புங்க மரத்தடிக்கு வந்தார்கள்.

இன்ஜினியர் தாராபுரத்துக்காரர். அடக்கமான மனிதர். கூட்டத்தில் முதலில் கத்தியது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். பூங்காவுக்கு விட்ட இடத்தைக் கடைக்குக் கொடுக்க இவங்க யாரு என்று ஏகவசனத்துக்குப் பக்கத்தில் போய்விட்டேன். காலனியில் குடியிருக்கும் ரஹீம் பாய்க்கு உக்கடத்தில் இரும்புக்கடை. அவர்தான் "அம்மணி, கொஞ்சம் பொறுங்க" என்று என்னை அடக்கினார்.

இன்ஜினியர் சுற்றிலும் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டத்துக்கு வந்த எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. "என்னுங்க பண்றது? எடம் சும்மா கெடக்குது. சும்மா கெடந்தா ஆராவது வந்து புடிச்சுக்குவாங்க. அதுக்கு நகராட்சியே கட்டிப்போடலாமுங்களே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்போதுதான் சரசக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு முன்னால் வந்தார். முதலில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். குடிக்கும் வரை நின்றார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க, சும்மா கெடக்குதுன்னு ஆருங்க சொன்னது?"

"பாத்தாலே தெரியுதுங்களே அக்கா."

"உச்சி வெயில்ல பாத்தா ஆருங்க இருப்பாங்க? வெடியால நேரத்துல ஒருக்கா வந்து பாருங்க சாமி. எங்கூட்டுக்காரரு நடக்கறாருங்க."

அவ்வளவுதான். குரல் ஒரு துளி உயரவில்லை. கவுன்சிலர் பார்க்கலாமுங்க என்றார். அந்தப் பார்க்கலாமுங்கவுக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நோம்பி முடிந்ததும் அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது என்று இரண்டே நாளில் தகவல் வந்தது.

போகியன்று நாங்கள் அவரவர் வீட்டு நிலைக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தோம். வெளியூரில் பிறந்த உங்கள் மருமகள்களுக்காகச் சொல்கிறேன். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து ஒரு கொத்தாக்கி வீட்டுக்குக் கட்டுவோம். மாட்டுக்கொட்டகை, கிணறு, தோட்டம், பட்டறை என்று நாம் பொழங்குகிற இடம் எதுவோ அதற்கெல்லாம் கட்டுவோம். கட்டியது தானாகக் காய்ந்து உதிரும் வரை யாரும் அவிழ்க்க மாட்டோம். சரசக்கா வீட்டுக்குக் கட்டினார், பட்டறைக்குக் கட்டினார், மிச்சக் கொத்துகளை எடுத்துக்கொண்டு ரிசர்வ் சைட்டுக்கு நடந்தார். கல்லுக்கால் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து. நூல் போதவில்லை. ரஹீம் பாய் தன் வீட்டிலிருந்து சணல் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் போய் ஆளுக்கொன்று கட்டினோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அடேயப்பா, என்ன ஒரு ராஜதந்திரம் இந்தச் சரசக்காவுக்கு என்று நினைத்தேன்.

நோம்பி முடிந்து ஆள்கள் விடிகாலையிலேயே வந்தார்கள். மேஸ்திரி கல்லுக்காலைப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"காப்புக் கட்டியிருக்குதுங்க. இதுல கை வெக்க மாட்டமுங்க."

இன்ஜினியர் வந்தார். தானே அவிழ்த்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனார். பூளைப்பூ தொடும் தூரத்தில் கை நின்றுவிட்டது. தாராபுரத்தில் அவர் வீட்டு நிலையிலும் இதே கொத்து தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? கையை மடக்கிக்கொண்டார்.

"ஆருங்க கட்டினது?"

"நாந்தானுங்க. வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் சரசக்கா.

அந்த நேரத்துக்கு அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார். இன்ஜினியர் நின்றிருந்த கல்லுக்கால்தான் அவருக்கு அடுத்த கல். இன்ஜினியர் சட்டென்று விலகி வழிவிட்டார். அண்ணன் வந்து கல்லைப் பிடித்தார், மூச்சு வாங்கினார், தலையை ஆட்டி ஒரு வணக்கம் வைத்தார், அடுத்த கல்லை நோக்கிப் போனார். அவர் ஒரு சுற்று முடிக்கும் வரை இன்ஜினியர் அங்கேயே நின்றார். பிறகு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்துக்கு நாங்கள் பின்பெஞ்சில் உட்காரப் போனோம். சும்மா கிடக்கிற இடம்தானே என்று யாரோ கேட்டார்கள். இன்ஜினியர் எழுந்து, "இல்லீங்க. பொழக்கத்துல இருக்குதுங்க. நான் பாத்தேனுங்க" என்றார். மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மாற்றிச் சொல்லவில்லை. கடைத் திட்டம் அன்றோடு போனது. அந்த மனிதரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வெளியே வந்து சரசக்காவிடம், "நல்லா பிளான் போட்டுத்தான் கட்டியிருக்கீங்க்கா" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அட போ கண்ணு. அவருக்குக் கல்லு தடுக்கக் கூடாதுன்னு கட்டுனேன். பொழங்கற எடத்துக்குக் கட்டோணுமல்ல?"

5

ஹாலில் நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. சத்தியம் போயே போச்சு. கூட்டம் நடத்தும் அம்மாள் கையைக் காட்டிவிட்டார். பெயரையும் வீதியையும் சொன்னேன். கத்த வேண்டும் போல இருந்தது. சரசக்காவை நினைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"உங்கள் ஆட்கள் வந்து பார்த்தது எந்த நேரம் என்று சொல்ல முடியுமா?"

அதிகாரி தாளைப் புரட்டினார். "வார நாட்களில். பகலில்."

"அப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்களே, சாருங்க."

வந்தே விட்டது அந்த ங்க. நந்தினி குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். ஆனால் ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. அவர் யோசித்தார். பிறகு, "அங்கே விளையாடுகிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. என் மகளின் கை.

"நான் விளையாடுகிறேன். தினமும். இருட்டும் வரைக்கும்" என்றாள். என்னை விட நல்ல இங்கிலீஷில்தான்.

"சனிக்கிழமை காலையில் நானே வந்து பார்க்கிறேன்" என்றார் அதிகாரி. எழுதியும் கொண்டார்.

6

மறுநாள் பொங்கல். ஊருக்குப் போன் போட்டேன். சரசக்காவிடம் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. துக்க வீட்டில் அந்த வருடம் நோம்பி கிடையாது. காப்பும் கட்ட மாட்டார்கள். அதனால் ஹாலில் நடந்ததைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா, இந்த வருசம் பார்க்குக் கல்லுக்கு?"

"நம்மூட்ல கட்டக் கூடாதில்ல கண்ணு. நான் கதவச் சாத்திட்டு உள்ளயே இருந்தேன். பொழுதோட ரஹீம் பாய் வந்தாரு. கையில கொத்து. 'அண்ணன் புடிச்சு நடந்த கல்லு வெறுங்கல்லா நிக்கக் கூடாதுங்க்கா, நான் கட்டிப்போடட்டுங்களா?'ன்னு கேட்டாரு. கட்டிப்போட்டாரு, எல்லாக் கல்லுக்கும்."

போன வருடம் குண்டுவெடிப்பும் கலவரமுமாக நம் ஊர் பட்ட பாட்டை நீங்கள் நேரில் பார்த்தவர்கள். பாய் வாரக்கணக்கில் கடையைத் திறக்கவில்லை என்று நான் இங்கிருந்து கேட்டவள். வீதிக்கு வீதி மனுஷர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த ஒரு வருடம் அது. அந்த வருடத்தின் முடிவில், அந்த மனிதர் வேப்பங்கொத்தோடு கல் கல்லாகப் போயிருக்கிறார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்காவும் அழுதார். நிமிஷத்துக்கு இத்தனை பவுண்டு என்று ஓடும் ஐ.எஸ்.டி.யில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அழுதோம்.

நந்தினி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

7

சனிக்கிழமை விடிந்தபோதே மழை. அதுவும் ஊசி ஊசியாக விழும் இந்த ஊர் மழை. சரிதான், இன்றைக்கு ஒரு பிள்ளையும் வராது, வந்து பார்த்துவிட்டுக் காலியிடம் என்று எழுதப் போகிறார் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. நந்தினியைக் காணோம். பின்வாசலுக்கு ஓடினேன்.

புல்வெளிக் கேட்டருகே நின்றிருந்தாள். ரயில்பாதை மேட்டில் ஒரு முட்செடி இருக்கிறது. அதன் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. எல்லாச் செடியும் மொட்டையாக நிற்கும் இந்தக் குளிரிலும் அது மஞ்சளாகப் பூத்திருக்கும். அதில் ஒரு கொத்தை ஒடித்து வந்து, தன் ஷூ லேசைக் கழற்றிக் கேட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் முள் கீறல். அவள் தோழிகள் நனைந்துகொண்டு சுற்றி நின்றார்கள். டோரத்தி நாயோடு வந்துவிட்டார். கூட்டத்தில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குடைக்குக் கீழே வந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை.

அதிகாரி வந்தார். கேட்டில் கையை வைக்கப் போனவர் கொத்தைப் பார்த்து நின்றார். இது என்ன என்று நந்தினியைக் கேட்டார். அவள் அதை ஒன்றும் பெரிய விஷயமாக்காமல் சொன்னாள்.

"எங்கள் ஊர் வழக்கம். இங்கே ஆள் இருக்கிறோம் என்று அர்த்தம்."

அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட்டின் அடிக்கம்பியை இரண்டு விரலால் பிடித்து, பூ நசுங்காமல் மெதுவாக இழுத்துத் திறந்தார். எனக்குத் தாராபுரத்து இன்ஜினியரின் மடங்கிய கை கண்ணில் வந்து நின்றது.

ஆட்டம் தொடங்கியது. ஒரே சேறு, ஒரே கூச்சல். அவர் ஓரமாக நனைந்துகொண்டு நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "முடிவு செய்கிறவன் நான் இல்லை. ஆனால் இந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று என் பேனா எழுதாது" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அந்த ங்க வந்துவிடும்.

அப்போது புல்வெளியின் நடுவிலிருந்து, உடம்பெல்லாம் சேறும் லேஸ் இல்லாத ஒற்றை ஷூவுமாக, தோழிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, என் நான்சி தமிழில் கத்தினாள்.

"அம்மா! சும்மாவே நின்னுட்டு இருக்கற? சாருக்குக் குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?"

இதோ கண்ணு என்று டீ போட வீட்டுக்குள் ஓடினேன்.